ஒன்றரை மடங்கு வேகத்தில் கிட்டார்

கிட்டார் கற்றுத்தரும் அந்தத் தம்பி ஒவ்வொரு வீடியோவிலும் முதல் மூன்று நிமிடம் கிட்டாரைத் தொடவே மாட்டார். வணக்கம் சொல்வார், சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்வார், மணிப் படத்தை அழுத்தச் சொல்வார், போன வாரம் யாரோ கேட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இலவசமாகச் சொல்லித்தருகிறவரைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் நான் பஸ் நிற்பதற்கு முன்பே படியில் இறங்கி நிற்கிற ஆள். புளியங்குடியிலிருந்து வந்தால் சங்கரன்கோவில் எல்லை தெரிந்ததுமே எழுந்துவிடுவேன். அதனால் வீடியோவின் வேகத்தை ஒன்றரை மடங்காக வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஹார்டுவேர் கடை. குழாய், மோட்டார் சாமான், பெயின்ட். மதியச் சாப்பாட்டுக்கு மேல் வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. அந்த நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, போனை ஒரு பெயின்ட் டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு பழகுவேன். கிட்டார் மகனுடையது. காலேஜில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கினான், சீக்கிரமே அலுத்துப்போய்ப் பரணில் போட்டான், ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் என் பிள்ளைதான் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. மேலநீலிதநல்லூரிலிருந்து மோட்டாருக்குக் குழாய் வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன அண்ணாச்சி, யாவாரம் படுத்துட்டுன்னு கச்சேரிக்குக் கெளம்பிட்டியளோ?" என்றார். சிரித்துக்கொண்டே குழாயை எடுத்துக் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லவில்லை.

காரணம் என் மனைவி. எங்கள் சர்ச்சில் எல்லோருக்கும் சாப்பாடு போடும் அசனப் பண்டிகை என்றால் தனிப்பாட்டு அவளுடையதுதான். தைராய்டு கட்டிக்காகப் பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்த பிறகு பேச்சு வந்துவிட்டது, பாட்டு வரவில்லை. "தாராளமா பாடலாம், மேல் சுருதி மட்டும் வர நாளாகும்" என்றார் டாக்டர். நாளாகும் என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. பாடகர் குழுவிலிருந்து விலகி, கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து பார்ப்பேன். எல்லோரையும் போல உதட்டை அசைப்பாள். சத்தம் வராது என்பது எனக்கு மட்டும் தெரியும். வீட்டில் அடுப்படியிலும் முணுமுணுப்பு நின்றுபோனது. கடையைப் பூட்டிவிட்டு வந்தால் குக்கர் சத்தமும் மிக்ஸி சத்தமும்தான் இருக்கும். இனிமேல் இப்படியே இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

சர்ச் கீபோர்டில் எல்லாப் பாட்டையும் உயர்ந்த சுருதியில் பிடிப்பார்கள். வீட்டில் அவளுக்கென்று ஒரு வாத்தியம் வாசித்தால் பாடிவிடுவாள் என்று நானாகவே முடிவுசெய்தேன். அவளிடம் கேட்கவில்லை. அதற்குப் பொறுமை வேண்டுமே.

பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கி ஒலிக்கவிடும் கார்டுகளில் சி, ஜி எல்லாம் வந்துவிட்டன. எஃப் கார்டில்தான் மாட்டிக்கொண்டேன். ஆள்காட்டி விரலைப் படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்க வேண்டும். நான் அமுக்கினால் கோழியின் கழுத்தைப் பிடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, பில் போடப் பேனா பிடித்தாலே எரிந்தது. அந்தத் தம்பியோ ஒன்றரை மடங்கு வேகத்தில் "ரொம்ப ஈசி, ரொம்ப ஈசி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எஃப் ஒருவழியாகப் பிடிபட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் முன்னால் உட்கார்ந்து, அவள் வழக்கமாகப் பாடும் கீர்த்தனையை வாசித்துக் காட்டினேன். தப்பில்லாமல்தான் வாசித்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"யாரு தொரத்துதான்னு இப்படி ஓடுதிய?"

"சிரிக்காதட்டி, பாடு."

"இந்த ஓட்டத்துல எங்க பாட? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலைம்பாங்க. நீங்க ஆக்கவே பொறுக்க மாட்டிய."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிட்டாரை உறையில் திணித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே போனில் நான் பழகிய பாடத்தை ஒருமுறை வேகத்தைக் குறைத்துப் போட்டபோதுதான் உறைத்தது. அந்தத் தம்பியின் கை அவ்வளவு வேகமாகப் போகவில்லை. நான் ஓட்டிவிட்ட வேகத்தைத்தான் என் கை பாட்டின் வேகம் என்று நம்பிப் பழகியிருந்தது.

மறுபடி முதல் வீடியோவிலிருந்து, சாதாரண வேகத்தில். இதைவிட ரேஷன் வரிசையில் நிற்கலாம். தம்பி இப்போது தூங்கி வழிந்துகொண்டே பேசுவது போலிருந்தது. வணக்கத்துக்கே ஒரு யுகம் ஆனது. கால் தானாக ஆடும், கை தானாக முந்தும். நிறுத்தி, திட்டிக்கொண்டு, மறுபடி ஆரம்பிப்பேன்.

ஒரு சாயங்காலம் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து மெதுவாக வாசித்தேன். முதல் வரியை அவள் பாடியேவிட்டாள். இரண்டாம் வரியில் பாட்டு மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் எறக்கிப் போடுங்க" என்றாள்.

சுருதியை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியாது. வேறு கார்டுகளுக்கு மாற்ற வேண்டுமாம். அந்தப் பாடம்வரை நான் போகவில்லை. போனை எடுத்துத் தேடினால், வணக்கமும் விளம்பரமும் முடிவதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். வேறு வழி தெரியாமல் கம்பிகளைத் தளர்த்த ஆரம்பித்தேன். ஆறையும் ஒரே அளவுக்குத் தளர்த்தினால் மொத்தமும் இறங்கிவிடும் அல்லவா? தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். போனில் சுருதி பார்க்கும் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கை வியர்த்து, திருகாணி வழுக்கியது. "இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"ஒண்ணும் அவசரம் இல்ல. மெள்ளப் பண்ணுங்க."

மூன்றாவது கம்பியை முடித்தபோது முணுமுணுப்பு கேட்டது. எனக்காகக் காத்திராமல், அவளாகவே ஒரு சுருதியைப் பிடித்துப் பாடத் தொடங்கியிருந்தாள். பழைய குரல் இல்லை. கனத்த, கரகரப்பான குரல். மேலே ஏறும் இடங்களில் ஏறாமல் கீழ்வழியாகவே சுற்றிக்கொண்டு போனாள். எனக்கு அது வேறு யாரோ பாடுவது போலக்கூட இருந்தது, ஆனால் பாட்டு. நான்காவது திருகாணியில் வைத்த கையை நான் எடுக்கவும் இல்லை, திருகவும் இல்லை. கம்பி சத்தம் போட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். இத்தனை மாதமாக விரல் உரிந்ததற்கு ஒரு கார்டாவது வாசிக்க விடக்கூடாதா என்று கொஞ்சம் வருத்தமும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கடைசிச் சரணம்வரை பாடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, சரியாயிட்டா?"

"இன்னும் மூணு கம்பி கெடக்கு."

"அப்பம் நீங்க அதப் பாருங்க. நான் இன்னொண்ணு பாடுதேன்."

கீரைத் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். நான்காவது கம்பியை நான் தளர்த்தவே இல்லை.