அம்மா திட்டிய பாட்டு

சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்களைத் தேடிப் போய், சாவகாசமாகப் பேசி, அந்தப் பேச்சை இணையத்தில் வெளியிடுவது என் வேலை. அப்படித்தான் ஏற்காடு மலையிலுள்ள மாரமங்கலத்தில் ஒரு ராப் பாடகனைப் பார்க்கப் போனேன். ஏற்காட்டில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதுகிறவன். அவனுடைய முதல் பாட்டு அப்போது சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினோம். பக்கத்தில் அவன் அம்மா காயப்போட்ட மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் வரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"காலையில எந்திரிக்கலைன்னா அம்மா திட்டுறதுங்க அது. அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்."

அம்மாவின் கை நின்றது. அவன் பாடும் வேகத்தில் அவருக்கு அதுவரை ஒரு வார்த்தையும் பிடிபட்டதில்லையாம். "எங்க, மெதுவா சொல்லு," என்றார். அவன் நெளிந்துகொண்டே சொன்னான்.

"பொழுது உச்சிக்கு வந்துருச்சு, போர்வைக்குள்ள என்ன ராஜ்யம் நடத்துற?"

கோபித்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம். அவர் என்னிடம் திரும்பினார்.

"ஏனுங்க, நல்ல பாதிய உட்டுட்டானுங்க. 'மூட்டைப்பூச்சியா உனக்கு மந்திரி?'ன்னும் கேப்பேன்."

"இத ஏம்மா இத்தன நாளா சொல்லல?" என்றான் அவன்.

"தினமும்தான் சொல்றேன் கண்ணு. அதுக்குள்ள நீ மறுபடியும் தூங்கிடுற."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவன் அவசரமாக அந்த வரியைப் போனில் பதிந்துகொண்டிருந்தான். நான் மைக்கை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தேன்.