முதல் தரக் கால்

சங்கையாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சர்டிபிகேட், அவனுடைய கால்கள் முதல் தரமானவை என்று சொன்னது. அதில் பெயர் சரி, செக்ரோல் நம்பர் சரி. கால் மட்டும் வேறொருவனுடையது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன். மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில், இலை உருட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் பதினேழு வருஷம் நின்றான். வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் நிற்பதுதான். மிஷினுக்கு இலையைக் கொடுக்க வேண்டும், உருண்டதை அள்ள வேண்டும், மறுபடி நிற்க வேண்டும். சிமெண்டுத் தரை, ஓயாத ஈரம், ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம். பதினைந்தாம் வருஷம் இடது கெண்டைக்காலில் ஒரு நரம்பு நீலமாகப் புடைத்தது. அடுத்த வருஷம் அது முழங்காலுக்குப் பின்னால் போய்ச் சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டது. வலது காலும் அதிகம் தாமதிக்கவில்லை. சாயங்காலமானால் இரண்டு காலும் நனைந்த சாக்கு மாதிரி கனக்கும்.

அவன் மனைவி சுருளியம்மாள் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். "நாலு பெத்த எனக்கு வரல. இது பொம்பளைக்கு வார நோக்காடுல்லா. ஒங்களுக்கு எதுக்கு வந்துச்சு?"

"கேட்டா வாங்குனேன்?" என்றான் சங்கையா.

மறுநாளிலிருந்து முழங்கால் வரை துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். கேட்டவர்களிடம் அட்டைக் கடிக்கு என்றான். ஃபாக்டரிக்குள் எந்தக் காலத்திலும் அட்டை வந்ததில்லை. அதை யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், அதாவது 1924-இல், வந்த பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம் எஸ்டேட்டுக்குப் புது டாக்டர் வந்தார். எல்லா ஆண்களும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வந்து காலைக் காட்ட வேண்டும், கெட்ட கால்காரர்களுக்குப் பேர் வெட்டு என்று உத்தரவு போட்டார். செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயரை வெட்டினால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். ஊரில் சங்கையாவுக்கு ஒரு முழம் நிலம் கிடையாது. நான்கு பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது?

சுருளியம்மாளின் தம்பி நல்லதம்பி அதே லயத்தில் இருந்தான். மலைச் சரிவில் களை வெட்டுகிறவன். கால் இரண்டும் கடைந்தெடுத்த தேக்கு. அக்காள் அழுததைப் பார்த்துவிட்டு, "அத்தான் பேருக்கு நான் போய் நிக்கேன்" என்றான். இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆடி மாத மழை. களத்தில் நின்ற அத்தனை பேரும் கம்பளியைத் தலையும் முகமும் மூடக் கொங்காணியாகப் போட்டிருந்தார்கள். முகம் என்று ஒன்று யாருக்கும் இல்லை. டாக்டருக்கு வேண்டியதும் கால்தான். கங்காணி கருத்தப்பாண்டிக்கு விஷயம் தெரியும். தன் ஆள் ஒன்று குறைய அவருக்கும் மனமில்லை, அதனால் வானத்தைப் பார்த்துக்கொண்டு பெயரைக் கூப்பிட்டார்.

சங்கையா என்ற பெயருக்கு நல்லதம்பி காலைக் காட்டினான். டாக்டர் குனிந்து பார்த்து, முதல் தரம் என்று எழுதினார். நல்லதம்பி களத்தைச் சுற்றி, புதருக்குள் புகுந்து ஓடி, வரிசையின் கடைசியில் சேர்ந்தான். தன் பெயருக்கு அதே கால்களைக் காட்டினான். புதரில் ஏறிய மூன்று அட்டைகளும் ரத்தமுமாக இருந்த அந்தக் கால்களை டாக்டருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் என்று எழுதினார்.

அடுத்த வாரம் துரை அந்தக் காகிதத்தைப் படித்தார். துரை காகிதத்தை நம்புகிறவர். முதல் தரக் காலை ஃபாக்டரிக்குள் நிறுத்தி வீணாக்கலாமா என்று சங்கையாவைத் தபால்காரனாக்கினார். தபால் வந்து சேரும் டாப் ஸ்டேஷனுக்கு ஆறு மைல் போக வேண்டும், ஆறு மைல் வர வேண்டும். சங்கையா விட்டுப்போன மிஷினுக்கு, மலை ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கட்டும் என்று இரண்டாம் தரக் கால் நல்லதம்பியை அனுப்பினார்.

வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் பேர் வெட்டு. செத்தோம் என்று நினைத்துக்கொண்டு சங்கையா தபால் பையைத் தூக்கினான். முதல் வாரம் வலித்தது. இரண்டாம் வாரம் குறைந்தது. ஒரு மாதத்தில், நரம்பு சுருண்டபடியே இருந்தது, கனத்தை மட்டும் காணோம். ஏறும்போதும் இறங்கும்போதும் கால் பஞ்சாக இருந்தது. நின்றால் வருவது நடந்தால் போகிறது என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தபால் வேலை சுகம் என்று தெரிந்தால் நாளைக்கே பத்துப் பேர் கேட்பார்கள். ஆகவே டாப் ஸ்டேஷனிலிருந்து விறுவிறுவென்று வருவான், லயம் கண்ணில் படும் வளைவிலிருந்து நொண்டுவான். சுருளியம்மாள் வெந்நீர் வைத்து ஊற்றுவாள். அதையும் ஊற்றிக்கொள்வான்.

நான்காம் வருஷம் நல்லதம்பி வந்து, "சாயங்காலமானா கால் கல்லாக் கனக்குது அத்தான்" என்றான்.

"பழகிரும் மாப்ள."

"ஒங்களுக்குப் பழகிருச்சா?"

"எனக்கு என்ன, பன்னெண்டு மைலு. ஒனக்குச் சும்மா நிக்கதுதான" என்றான் சங்கையா. அன்று ராத்திரிச் சோற்றைப் பாதியில் தள்ளிவைத்தான். ஆனாலும் எழுந்து போய் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் நல்லதம்பி, ஆளுக்கு ஒரு வருஷம் மாற்றிக்கொள்வோம் என்று கேட்பான். கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மறுபடியும் அந்தச் சிமெண்டில் நிற்பதை நினைத்தாலே அவனுக்குப் பயமாக இருந்தது.

ஆறாம் வருஷம் தை மாதம் இன்னொரு டாக்டர் வந்தார், இன்னொரு கால் பரிசோதனை நடந்தது. நல்ல வெயில். ஒருவர் தோளிலும் கம்பளி இல்லை. சங்கையா அந்த நேரத்தில் தபாலோடு வழியில் இருந்தான், தபால்காரனுக்காக டாக்டர் காத்திருக்கவில்லை. சாயங்காலம் திரும்பியபோது, நரம்பு சுருண்ட காலுக்காக நல்லதம்பிக்குப் பேர் வெட்டு என்று சொன்னார்கள்.

ஊர் திரும்ப, டாப் ஸ்டேஷன் போய்த்தான் போடிக்கு இறங்க வேண்டும். அதனால் மூன்றாம் நாள் காலையில் நல்லதம்பியும் அவன் மனைவி அழகுத்தாயும் சட்டிபானை மூட்டையோடு தபாலுக்குத் துணையாகக் கிளம்பினார்கள்.  நல்லதம்பி முன்னால் போனான். வரவர வேகமாகப் போனான். டாப் ஸ்டேஷன் ஏற்றத்தில் சட்டென்று நின்று, குனிந்து தன் காலைத் தடவிப் பார்த்தான்.

"அத்தான், நடக்கையில வலியே தெரியல."

"தெரியாது" என்றான் சங்கையா.

"இது ஒங்களுக்குத் தெரியுமா?"

சங்கையா பையைத் தோள் மாற்றினான். அழகுத்தாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருசமாத் தெரியும்."

நல்லதம்பி மனைவியின் தலையிலிருந்த மூட்டையையும் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, போடிப் பாதையில் இறங்கிப் போனான்.