செத்த ராணிக்குக் குரல் கொடுத்தவன்

பேசாத படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவனின் பிழைப்பு, திரையில் யார் வாயசைத்தாலும் இவன் தொண்டை கட்டிப்போகிற பிழைப்பு. வாயால் பிழைக்கிற வாத்தியார்களுக்கும் ஏலக்காரர்களுக்கும் என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே புரியும்.

இலங்கை மலைநாட்டில், பதுளையில் கூடாரம் போட்டு பயாஸ்கோப் காட்டிய காசிம் முதலாளி, எங்கிருந்தோ ஒரு பேய்ப் படத்தை வாங்கி வந்தார். வெள்ளைக்காரர் நாட்டுக் கதை. கருங்கல் கோட்டை, கறுத்த ஏரி, செத்துப்போன ராணி. ராஜா ஓர் ஏழைப் பெண்ணை இரண்டாந்தாரமாகக் கட்டுவார். செத்த ராணி நிலைக்கண்ணாடிக்குள்ளிருந்து இறங்கி வந்து, புதுப்பெண்ணின் நிழலைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு போவாள். நிழலைத் தேடிக் கண்ணாடிக்குள் போன பெண் திரும்பி வரவே மாட்டாள். அவ்வளவுதான் படம். சுபமும் கிடையாது, மங்களமும் கிடையாது. "இது தேயிலைத் தோட்டங்கள்ல ஓடலைன்னா கூடாரத்தச் சுருட்டிருவேன். நீங்க வேற வேலை பாத்துக்கங்க" என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கோ வேறு வேலை தெரியாது.

பதுளையில் ஒரு நியாயம்

ராணி கத்தரிக்கோலோடு வருகிற இடத்துக்கென்று அடித்தொண்டையில் ஒரு முனகல் பழகி வைத்திருந்தேன். கூட்டம் அலறும் என்று எதிர்பார்த்தால், கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த செட்டியார் எழுந்து படத்தை நிறுத்தச் சொன்னார். ராணி எப்படிச் செத்தாள், என்ன வியாதி, காரியம் செய்தது யார் என்று வரிசையாகக் கேட்டார். படத்தில் அதெல்லாம் இல்லை என்றேன். இல்லாமல் எப்படி இருக்கும் என்று மொத்தக் கூட்டமும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. செட்டியார் தீர்ப்பே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்: "செத்தவளுக்குக் கருமாதிகூடச் செய்யாம மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா, அவ வராம வேற யாரு வருவா? தப்பு ராஜா மேல. அந்தம்மாளப் பேயின்னு ஏன் வையுறீங்க?"

அப்புத்தளையில் பனி

கோட்டையைச் சுற்றிப் பனி எழும்பும் காட்சி. "அதோ பாருங்கள், ஆளை விழுங்கும் பனி!" என்று நான் ஆரம்பித்த நேரம், நிஜமான மூடுபனி கூடாரத் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. விளக்கு வெளிச்சம் பனியிலேயே நின்றுவிட்டது, திரைக்குப் போய்ச் சேரவில்லை. ராஜாவும் ராணியும் கோட்டையும் சனங்களின் தலைக்கு மேல் வெள்ளையாகக் குழம்பிக் கிடந்தார்கள்.

நான் விடவில்லை. படம் தெரியாமலே முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். நானே சொல்லக் கூடாது, அன்றைக்குச் சொன்ன மாதிரி அதற்குமுன் சொன்னதில்லை. யாராவது ஒருவர் பாராட்டுவார் என்று வாசலில் நின்றேன். கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்த ரயில்வே போர்ட்டர் ஒருவர்தான் என்னிடம் வந்தார். "மூடுபனியப் பாக்கவாங்க டிக்கெட் வாங்குனேன்? அது எங்க வீட்டு வாசல்ல சும்மாவே கெடக்குது."

கொஸ்லந்தையில் திரும்பி வந்தவள்

படம் முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்குள் போன பெண்ணை வெளியே கூட்டிவரச் சொன்னார்கள். இதற்குமேல் படமே இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பொம்பளப் பிள்ளையைப் பேய்கிட்ட விட்டுவிட்டு எப்படிப் போவது என்று பெஞ்சுகளைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

மிஷினைச் சுற்றுகிற அந்தோனி பயந்துபோய், கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினான். பெண் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியிலிருந்து வெளியே வந்தாள். வெட்டிய கத்தரிக்கோலே நிழலை ஒட்டவைத்தது. ராணி பின்பக்கமாகவே நடந்து போய்க் கண்ணாடிக்குள் மறைந்தாள். இதற்கு நான் என்ன கதை சொல்வது? "வந்துவிட்டாள், வந்துவிட்டாள்" என்று கத்தியதோடு சரி. இடுப்பில் குழந்தையோடு எழுந்த ஒரு பெண் மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டாள். "பின்னால நடந்து வந்தா என்னங்க, வீடு வந்து சேந்துட்டால்ல."

பசறைப் பக்கம் ஒரு பெரட்டு

பசறைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், அதை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரையின் பங்களா கருங்கல்லால் கட்டியது. படத்து ஏரி மாதிரி கீழே ஒரு குளமும் உண்டு. படம் காட்டிய மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டார்கள். பங்களாவுக்கு மேல் மலையில் ராணி இருக்கிறாள், கொழுந்தெடுக்கப் போகமாட்டோம் என்றார்கள். கணக்கப்பிள்ளை எங்களிடம் ஓடிவந்தார். பெண்கள் மலை ஏறாவிட்டால் கூடாரம் வெளியே போக வேண்டும், மற்ற தோட்டங்களிலும் காட்ட முடியாதபடி தொரை சொல்லிவிடுவாராம். காசிம் முதலாளி என்னைப் பார்த்தார்.

வெறும் துணி, வெறும் வெளிச்சம் என்று எவ்வளவோ சொன்னேன். வேலையாட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணி கேட்கவில்லை. ராணி பேசியது என் தொண்டையில், ஆகவே படையல் போட்டு என் தொண்டையிலேயே அவளை விசாரித்து அனுப்ப வேண்டும் என்றார். எட்டாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்த என்னைப் பலகையில் உட்காரவைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பேயோட்டும் கோடாங்கி உடுக்கை அடித்தார். "ஒனக்கு என்ன வேணும் தாயி? கேட்டு வாங்கிட்டுப் போயிரு" என்றார். பசியில் கோழிக்குழம்பு என்று சொல்ல வாயெடுத்தேன். படையலுக்கு வெற்றிலை வைத்துக்கொண்டிருந்த மூக்காயி என்கிற பெண் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "இருட்டுறதுக்கு முந்தி பொம்பளைங்க மலைய விட்டு எறங்கணும்னு கேளுங்க. போன மழையில கால் வைக்கிற எடம் தெரியாமப் பாறையில விழுந்துதான் என் தங்கச்சி செத்தா." அவள் முகத்தில் பேய்ப் பயம் துளியும் இல்லை. அதையே ராணியின் குரலில், அடித்தொண்டையிலிருந்து கேட்டேன்.

கணக்கப்பிள்ளையோடு வந்து நின்றிருந்த தொரை பிரம்பால் பூட்ஸைத் தட்டினார், முற்றிக்கொண்டிருந்த கொழுந்தைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையிடம் "சரி, சரி" என்றார். இருட்டுவதற்கு முன் இறங்கலாம் என்று கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு மலை ஏறினார்கள். இதற்கு என்னை ஏன் பேயாக்கினீர்கள், நேராகத் தொரையிடமே கேட்டிருக்கலாமே என்று மூக்காயியிடம் எரிந்து விழுந்தேன். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்: "கேக்காமயா இருந்தோம்? உசுரோட இருக்கவ சொன்னா தொரைக்குக் காது கேக்காதுங்க."

படம் படமாகத் தொண்டை கிழியக் கத்திய என் பிழைப்பில், அடுத்தவர் காதில் ஏறிய ஒரே வசனம் எந்தப் படத்திலும் இல்லாத வசனம்தான்.