பங்களா ரோட்டில் உட்கார்ந்தவர்

இறப்பர் மரத்துக்கு மரம் நகர்ந்து பால் வெட்டிக்கொண்டே ரோசலின் செபமாலை சொல்கிறார். மரத்துக்கு ஒரு செபம். இடையில் யார் கூப்பிட்டாலும், "இந்த மரத்த முடிச்சிட்டு வாறேன்" என்பார். வயது நாற்பத்தெட்டு. பேசும்போதும் விரலில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே இருப்பார்.

இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் ஒரு பங்களா ரோடு உண்டு. வெள்ளைக்காரத் துரை குதிரையில் போன காலத்தில், தொழிலாளி அதில் கால் வைக்கக் கூடாதென்று சட்டம் போட்டார்கள். நாடு சுதந்திரம் அடைந்தது. துரைமார் மாறினார்கள். ரோட்டை மறித்த இரும்புக் கேட் மட்டும் பூட்டியே கிடந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் ரோசலினின் கணவர் ரொபர்ட்டுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குக் குறுக்கு வழி அந்த ரோடுதான்; கேட்டின் சாவி வாச்சர் நாகலிங்கத்திடம் இருந்தது.

"தொர கொழும்புல. உத்தரவு இல்லாமத் தெறக்க ஏலாது தங்கச்சி."

ரொபர்ட்டைக் கம்பளியில் கட்டித் தூக்கி, மலையைச் சுற்றி இறங்கினார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை ரோசலின் கேட்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். துரையின் ஜீப் வெளியே போக முடியாமல் நின்றது.

"எல்லாருக்கும் ரோட்டத் தெறங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

மறுநாள் ஒன்பது பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த நாள் அறுபது பேர். பால் வெட்டும் கத்தியை ரோசலின் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார். யாரோ பங்களாவுக்குக் கல் எறிந்த அன்று, எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். "கல்லெடுத்தா ஞாயம் அவங்க பக்கம் போயிரும்."

எழும்பச் சொன்ன பொலிஸ்காரரிடம் சிங்களத்திலேயே, "பே மாத்தயா" என்றார். முடியாது, ஐயா.

துரை சொல்லி நாகலிங்கம் ரோசலினைக் கையைப் பிடித்து ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இழுத்துப் போட்டார். மணிக்கட்டு பிசகியது. ரோசலின் ஏறி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க ஒங்க வேலையப் பாருங்கண்ணே. நா என் வேலையப் பாக்குறேன்."

பதினோராம் நாள், அடைமழையில், கேட்டைத் திறக்கும்படி தோட்டத்தை நடத்தும் கம்பனியின் உத்தரவு வந்தது. நாகலிங்கம் தலை குனிந்தபடியே பூட்டைக் கழற்றினார். பெண்கள் எழுந்து அழுதுகொண்டே ரோட்டில் ஓடினார்கள். ரோசலினுக்குக் கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. கட்டுப் போட்ட கையை நாகலிங்கத்திடம் நீட்டினார்.

"கொஞ்சம் தூக்கி விடுங்கண்ணே."