ஓரமாகப் படுத்தவள்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். காய்ச்சல் வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். கதை கட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரம் ஏது? இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

டெங்கு வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் கொசுவலை உண்டு. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரப் பெண். அன்று காலைதான் காய்ச்சல் விட்டிருந்தது. வீட்டுக்கு விடுங்கள், அக்காவைப் பார்க்க வேண்டும் என்று என் உயிரை வாங்கினாள். அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டார். காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தே, எந்த நேரமும் நாடி விழுந்துவிடும் என்று தொண்டை வறளச் சொன்னாலும் யாருக்குப் புரிகிறது!

கட்டிலின் ஜன்னல் பக்க விளிம்பில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"நடுவுல படும்மா. யாருக்கு இடம் விட்டு வச்சிருக்கே?"

சிரித்தாள். நகரவில்லை.

மூன்று மணிக்குப் பார்த்தபோது நாடியும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தன. இனி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும்.

மூன்று இருபதுக்கு அந்தப் பக்கம் போனேன். வலைக்கு வெளியே ஒரு கை தொங்கியது. நடைபாதைப் பக்கம். எடுத்து உள்ளே விடலாம் என்று பிடித்தேன்.

சில்லென்று இருந்தது...

நகத்தை அழுத்தினேன். வெளுத்தது. விட்டதும் சிவக்க வேண்டும்.

சிவக்கவில்லை.

ஐந்து... ஆறு... ஏழு...

சிவக்கவே இல்லை.

"டாக்டர்!"

அவர் ஓடி வந்து வலையைத் தூக்கினார். பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக் கிடந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் மார்போடு மடங்கியிருந்தன.

என் பிடிக்குள்... ஒன்றுமில்லை.

அவளுக்கு நாடி கையில் சிக்கவில்லை. வெகுநேரம் போராடி மீட்டோம். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.

மறுநாள் தெளிவாகப் பேசினாள். அப்போதும் ஓரமாகத்தான் கிடந்தாள்.

"அக்காவுக்கு இடம் வேண்டாமா சிஸ்டர்? நேத்து மத்தியானத்துல இருந்து இங்கதான் படுத்திருக்கா. பேசத்தான் மாட்டேங்கிறா."

அப்பாவை வெளியே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவ போன வாரமே போயிட்டாம்மா. இதே காய்ச்சல். சின்னவகிட்ட இன்னும் சொல்லல."

வார்டுக்குள் திரும்பி வந்தேன். தையல்காரப் பெண் கட்டிலின் நடுவில் கை கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எதிர்க் கட்டிலில், அன்று காலை காய்ச்சல் விட்ட லாரி டிரைவர்... ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தார்.