எட்டாவது ஒப்புதல்

என் கைபேசியில் ஏழு பச்சைக் குறிகள் இருந்தன. எட்டாவது கட்டம் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் ஒருமுறை, சர்க்கரை மாத்திரை போட்டதும் ஒருமுறை, டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒருமுறை என்று நாளுக்குப் பன்னிரண்டு தடவையாவது அதைத் திறந்து பார்ப்பேன். பார்ப்பதால் அது பச்சையாகிவிடாது என்று தெரியும். ஆனாலும் பார்ப்பேன்.

அந்தக் கட்டங்கள் ஒரு பெண்ணின் விண்ணப்பத்துக்கானவை. ஓசூர் பக்கம் மத்திகிரியில் கிரைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். சாமல்பட்டிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்து, பத்தொன்பது வருஷம் அடுத்தவர் பட்டறைகளில் மெஷின் ஓட்டிவிட்டு, போன வருஷம்தான் இரண்டு பழைய மெஷின்களை வாங்கி ஒரு தகர ஷெட்டில் சொந்தமாகத் தொடங்கினார். நான்கு பெண்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள். வண்டி பிரேக்கில் பொருத்துகிற இரும்புப் பின்களை அரைத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதுதான் வேலை. நான் முப்பத்து நான்கு வருஷம் தர ஆய்வாளனாக இருந்தவன். அவர் அரைத்த பின்களில் நானூற்று எண்பதை ஒருமுறை ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்றைக்கூடத் தள்ள முடியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எட்டுச் சிறு பட்டறைகள் சேர்ந்த ஒரு குழுவுக்குச் செயலாளராக இருக்கிறேன். எட்டும் ஒரே பெரிய கம்பெனிக்குப் பாகங்கள் செய்து கொடுப்பவை. ஒரு பாகத்தை யார் கடைந்தார், யார் அரைத்தார், யார் சோதித்தார் என்பதற்குப் பின்னால் மாற்ற முடியாத பதிவு வேண்டும் என்று கம்பெனி கேட்டது. அதற்காக மூன்று வருஷம் முன்பு எங்களுக்கென்று தனியாக ஒரு பிளாக்செயின் அமைத்துக்கொண்டோம். பெயர்தான் பெரிது. எட்டுப் பட்டறைக் கணினிகளிலும் ஒரே பதிவேடு இருக்கும், அவ்வளவுதான். ஒன்றில் எழுதினால் எட்டிலும் ஏறிவிடும், ஒருவர் மட்டும் தனியாகத் திருத்த முடியாது. வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது. சரக்கு விவரம் எழுதப் பட்டறைக் கணினி போதும். புதிதாக ஆள் சேர்க்க மட்டும் முதலாளிகள் தங்கள் கைபேசியில் ஒப்புதல் அமுக்க வேண்டும். அதற்கென்று ஒவ்வொருவர் கைபேசிக்குள்ளும் ஒரு ரகசியச் சாவியை வைத்துக் கொடுத்தார்கள்.

மென்பொருள் செய்து கொடுத்த பெங்களூர்க்காரர், பேக்கரி மாடியில் நடந்த கூட்டத்தில் என்னிடம் கேட்டார். “சார், ஒருத்தரைச் சேர்க்க எத்தனை பேர் ஒத்துக்கணும்? ஐந்து பேர் போதுமா, எட்டுப் பேரும் வேணுமா?”

நான் எண்ணிப் பார்த்தேன். எட்டில் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் உறவு. ஐந்து போதும் என்றால் நாளைக்கே மாமனையும் மச்சானையும் உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள் என்று பயந்தேன். “எட்டுப் பேரும்” என்றேன். யாரும் மறுக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் யாரும் எதையும் மறுப்பதில்லை. “ஆட்சேபம் உண்டா?” என்று கேட்பேன், எல்லோரும் பேசாமல் இருப்பார்கள், ‘ஏகமனதாக’ என்று எழுதுவேன். பதினொரு வருஷத்தில் அறுபத்து மூன்று தீர்மானங்கள், அறுபத்து மூன்றும் ஏகமனதாக. ஒருமுறைகூடக் கையைத் தூக்கச் சொல்லி எண்ணியதில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்பது எங்கள் வழக்கம். பேசாமல் இருப்பவரை இந்தக் கணினி சம்மதிக்காதவராக எடுத்துக்கொள்ளும் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

அந்த அம்மா இதுவரை எங்களில் இருவருக்குப் பின்களை அரைத்துக் கொடுத்துவந்தார். வெளியாள் அரைத்த சரக்குக்கு ‘அரைத்தவர்’ கட்டத்தைக் காலியாக விட்டாலும் கம்பெனி அதுவரை வாங்கிக்கொண்டது. இனிமேல் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் கை பட்ட பாகம் எதையும் வாங்க மாட்டோம், நாற்பத்தைந்து நாள் அவகாசம் என்று கம்பெனி கடிதம் போட்டது. அன்றே அவர் விண்ணப்பத்தை ஏற்றினேன். ஒன்பது நாளில் ஏழு ஒப்புதல் வந்துவிட்டது. எட்டாவது ஆள், கல்லாவியிலிருந்து வந்து இங்கே லேத் பட்டறை போட்டவர். ஊரில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். நல்ல மனிதர். பதினொரு தடவை போன் செய்தேன்.

“போட்றன் சார். சாயந்தரமே போட்றன்.”

“லோடு ஏத்திட்டு இருக்கறன் சார். முடிச்சதும் மொத வேல அதான்.”

முப்பத்தோராவது நாள் அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேரில் போனேன். பஸ்ஸில் அவர் சொன்னார். “அவரு மச்சானும் கிரைண்டிங் போடப் போறாராமே சார். அதுக்குத்தான் இழுக்கறாரோ என்னமோ.”

“இருக்காதும்மா.”

“இல்ல, வேற எதுனா மனசுல இருக்குதோ.”

வேறு எது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பட்டறையில் எங்களைப் பார்த்ததும் கல்லாவிக்காரர் எழுந்து வந்து இரண்டு ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டார். “வாங்க சார், வாம்மா. டீ சொல்லட்டுமா?”

“ஒப்புதல் சொல்லுங்கண்ணா. டீ நான் வாங்கித் தர்றன்” என்றார் அந்த அம்மா.

கல்லாவிக்காரர் சிரித்தார். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “போட்றம்மா. நான் என்ன வேணாம்னா சொன்னன்?”

“வேணாம்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வேற எடம் பாத்துட்டுப் போயிருப்பன். நீங்க அதயும் சொல்லலயே.”

“இப்பவே அமுக்கிடுங்களேன்” என்றேன். “கண்ணால பாத்துட்டுக் கிளம்பிடறேன். முப்பத்தோரு நாள் ஆச்சு.”

அவர் கைபேசியை எடுத்து, திறக்காமல், மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். புத்தம் புதுக் கைபேசி. “தப்பா நெனைக்காதிங்க சார். அந்தச் சாவி இதுல இல்ல.”

“எதுல இருக்கு?”

“பழசுல. தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போட்டிருந்தான். பழசக் குடுத்துட்டு இத வாங்கிட்டன். கம்ப்யூட்டர்ல எழுதறது பாட்டுக்கு நடந்துட்டு இருந்துச்சு. ஒப்புதல் கேட்டு நீங்க போன் பண்ணப்பதான் தேடறன், இதுல இல்ல.”

“சாவியைக் காகிதத்துல அச்சடிச்சுக் குடுத்தாங்களே, பூட்டி வைக்கச் சொல்லி.”

“டைரிக்குள்ள வெச்சிருந்தன் சார்.” குரல் இறங்கிவிட்டது. “போகிக்கு பழைய டைரியெல்லாம் எரிச்சுட்டாங்க. எடுத்துக் குடுத்ததே நான்தான்.”

அந்த அம்மா சொன்னார். “ஏண்ணா, இத மொத நாளே சொல்லக் கூடாதா? இத்தன நாளா உங்க மச்சானத் திட்டிட்டு இருக்கறன். பாவம் அந்த மனுசன்.”

“என்னான்னு சொல்றதும்மா. பாஸ்வேர்ட மறந்துட்டான்னு போன மீட்டிங்ல ஒருத்தன அவ்ளோ கிண்டல் பண்ணன். இப்ப நானே போயி எப்பிடிச் சொல்றது?”

எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாகக்கூட இருந்தது. மனதில் எதையும் வைத்துக்கொண்டு அவர் இழுக்கவில்லை. சாவி போனால் இன்னொரு சாவி செய்து கொடுப்பார்கள் என்று நினைத்து அங்கிருந்தபடியே பெங்களூர்க்காரரைக் கூப்பிட்டு, மூவருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆகல்ல சார்” என்று கன்னடத்தில் சொன்னார். ஆகாது என்று தமிழில் திருப்பிச் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஓசூரில் அது எல்லோருக்கும் புரியும். “புதுச் சாவி கொடுக்கறதுன்னா அவரைப் புதுசா சேர்க்கற மாதிரி. அதுக்கு எட்டு ஒப்புதல் வேணும். எட்டாவது அவரோட பழைய சாவி.”

“அப்படின்னா அவரை எடுத்துட்டு ஏழு பேரா ஆக்குங்க.”

“எடுக்கறதுக்கும் எட்டு வேணும்.”

“நீங்க செஞ்சதுதானே. உங்களுக்குன்னு ஒரு வழி இருக்கும் இல்லையா?”

“செஞ்சவனுக்குக்கூடக் கதவு இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் எழுதிக் கொடுத்தீங்க. ஐந்து பேர்னு வெச்சிருந்தா இப்பவே முடிச்சுடலாம்.”

எழுதிக் கொடுத்தது உண்மை. பதினேழு நிபந்தனைகள் எழுதிக் கொடுத்தேன். அது ஆறாவது.

முதலிலிருந்து வேறொரு பதிவேடு தொடங்கலாம், ஆனால் கம்பெனி அதைச் சோதித்து ஏற்றுக்கொள்ள ஆறு மாதமாவது ஆகும் என்றார். எங்களிடம் இருந்தது பதினான்கு நாள்.

அந்தப் பதினான்கு நாளில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தேன். கைபேசிக் கடைக்கு மூன்று முறை போனேன். வாங்கிய அன்றே எல்லாவற்றையும் அழித்து மொத்தமாக அனுப்பிவிடுவோம் என்றார்கள். கம்பெனிக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டு நேரில் போனேன். அதிகாரி எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நான் கொண்டுபோன அளவுத் தாள்களையெல்லாம் பார்த்தார். “அவங்க வேலையில குறையே இல்ல. ஆனா எட்டுப் பேரும் ஒத்துக்கணும்ங்கறது உங்க குழுவோட விதி. அதை நாங்க எப்படி சார் மீற முடியும்?” என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கெடு முடிவதற்கு முந்தின நாள் கல்லாவிக்காரர் அந்த அம்மாவின் ஷெட்டுக்கு வந்தார். அவருடைய லேத் பட்டறையில் ஓடாத கிரைண்டிங் மெஷின் ஒன்று இருந்ததால், பதிவேட்டில் அரைப்பவர் என்ற கணக்கிலும் அவர் பெயர் இருந்தது.

“என் பேர்ல போட்டுக்கம்மா. எனக்கு ஒண்ணும் வேணாம். வேல நிக்கக் கூடாது” என்றார்.

அந்த அம்மா மெஷினை நிறுத்தவில்லை. “பத்தொம்பது வருசம் அடுத்தவங்க பேர்லதாண்ணா அரைச்சன்” என்றார். பிறகு நான்கு பெண்களையும் ஒருமுறை பார்த்தார். “சரி, போடுங்க.”

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். யார் செய்தார் என்ற உண்மைக்காக அமைத்த பதிவேட்டில் பொய்யை ஏற்றக்கூடாது என்று சொல்லும் வேலையில்தான் என் வாழ்க்கை போயிற்று. ஆனால் நான் அதைச் சொன்னால் மறுநாள் அந்த நான்கு பெண்களும் வீட்டில் இருப்பார்கள். பேசாமல் நின்றேன். அந்தத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் முதல் சரக்கு தயாரானது. முந்நூற்று இருபது பின்கள். கல்லாவிக்காரரின் வேன் பின்களை ஏற்றிக்கொண்டு அவர் பட்டறைக்கு வந்தது, அந்த அம்மாவும் அதிலேயே வந்தார். அளந்தேன், எல்லாம் சரியாக இருந்தன. கணினியில் ‘அரைத்தவர்’ என்ற கட்டத்தைத் திறந்தேன். அதில் நாமாக எதையும் எழுத முடியாது. உறுப்பினர் பட்டியல் விரியும், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டுப் பெயர். மேலிருந்து கீழே போனேன். மறுபடி மேலே வந்தேன்.

அந்த அம்மா என் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேடாதிங்க சார்” என்றார். “அண்ணா பேர அமுக்குங்க. வண்டி நிக்குது.”

அமுக்கினேன்.