குத்தாத காதுகுத்து

எதையும் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ரேடியோவின் முதுகைக் கழற்றி உதை வாங்கியவள் நான். ஒன்பது வயதில், தொண்ணூற்று நான்கில், அப்படித்தான் தம்பியின் காதையும் திருப்பிப் பார்த்தேன்.

தம்பிக்கு மயிலம் முருகன் மலைக்கோயிலில் காதுகுத்து. மொட்டையை அடுத்த வருஷத்துக்கு என்று அம்மா எப்படியோ தள்ளிவிட்டிருந்தாள். திண்டிவனத்திலிருந்து அப்பா வீட்டுச் சனம் ஒரு வேன் நிறைய வந்திருந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த எங்கள் மாமாவுக்கு, அடியே படாமல் முழங்கால் தேங்காயளவு வீங்கும். "உள்ள ரத்தம் கசியுது பாப்பா" என்பார். தோல் கிழியாமல் எப்படிக் கசியும் என்று நான் அமுக்கிப் பார்த்ததும் உண்டு. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

பத்தர் ஊசியை எடுத்தார். மாமா தன் துண்டால் தம்பியின் தலையை மறைத்துக்கொண்டார். தம்பி வீரிட்டான், காதில் கம்மல் மின்னியது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் சந்தேகம். குத்தினால் ஒரு பொட்டாவது ரத்தம் வர வேண்டாமா?

படி இறங்க முடியாத மாமா, சாமான்களோடு ஆட்டோவில் முன்னாலேயே மெயின்ரோட்டிலிருக்கும் கூட்டேரிப்பட்டுக்குப் போய்விட்டார். மண்டபத்தில் புளிசாதம் சாப்பிடும்போது தம்பியின் காதைத் திருப்பினேன்.

"அத்தே, பின்னாடி ஓட்டையே இல்ல. சும்மா கவ்விக்கினு இருக்குது."

அப்பாவின் அக்கா இழுத்தாள். கம்மல் கையோடு வந்தது. "மடியில வச்சிக்கினே நம்மள ஏமாத்திட்டாம்பாரு உன் தம்பி" என்று அம்மாவிடம் பாய்ந்தாள்.

"வேணாங்க அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அம்மா கெஞ்சினாள். ஏன் என்று அப்பா கேட்டதற்குத் தம்பியை வாங்கத்தான் கையை நீட்டினாள். அத்தை வேறொரு பத்தரைப் பிடித்துவந்து, தன் மடியில் வைத்து ஒரு காதைக் குத்தவைத்தாள். கண்டுபிடித்தவள் என்ற பெருமையில் நான் பக்கத்திலேயே நின்றேன்.

ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், காப்பித்தூள் அப்பினார்கள். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் அத்தையின் முந்தானை நனைந்துவிட்டது. தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தான்.

மாமா ஒரு பார்வைதான் பார்த்தார். "அழுத்திப் புடிங்க. ஜல்தியா பாண்டிச்சேரிக்கு உடுங்க" என்று டிரைவரை விரட்டினார். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு முன்பே நோயின் பெயரை அவர்தான் சொன்னார். ஹீமோபிலியா. அந்த நோய் இருந்தால் ரத்தம் சரியாக உறையாது.

இரண்டு நாள் பிளாஸ்மா ஏற்றிய பிறகுதான் தம்பி கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினான். எனக்கு அதுவரை சோறு இறங்கவில்லை. காட்டிக்கொடுத்தவள் நான்தானே. வராந்தா பெஞ்சில் மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உம்மேல ஒரு தப்பும் இல்ல பாப்பா. எங்கம்மாகிட்டருந்து எனக்கு வந்துது. உங்கம்மாகிட்டருந்து அவனுக்கு வந்துது. பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் வெளிய தெரியாது, புள்ளைக்குப் போவும். சொன்னா உங்கப்பா ஊட்ல உங்கம்மாவை ஏசுவாங்கன்னுதான் பத்தர்கிட்ட சொல்லிவச்சி மறைச்சோம்."

அப்பாடா என்றிருந்தது. தப்பு என்னுடையது இல்லை, அம்மா வழியாக வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே வார்டிலிருந்து வந்த அம்மா, என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தம்பிதான் பிழைத்துவிட்டானே, என்னைப் பிடித்துக்கொண்டு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடமிருந்து எனக்கு என்ன வந்திருக்கும் என்று கேட்கவும் அன்று தோன்றவில்லை.